எந்த டிரைவ் என்று கேட்டுச் சொல்

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே படகின் இரண்டு பக்கம் நின்றுகொண்டு என் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள். படகுக்கு நீலம் அடிப்பதா வெள்ளை அடிப்பதா என்று போன வருஷம் வந்த சண்டையில் பேச்சு நின்றுபோனது. வேலை மட்டும் நிற்கவில்லை. நான் அதிகம் வாய் திறக்காதவள் என்பதால்தான் இந்தத் தூது வேலைக்கு என்னைப் பிடித்துப் போட்டார்கள் போலிருக்கிறது.

தாத்தா இருவருக்கும் பொதுவாக விட்டுப்போன மர வேகப்படகு அது. வீட்டின் பின்னால் கொட்டகையில் நிற்கிறது. அடிப்பலகையும், படகின் பின்சுவரான பின்பலகையும் புதிதாக மாற்றியாகிவிட்டது, எஞ்சினும் உறுமுகிறது. பாக்கி டிரைவ்தான். எஞ்சின் படகுக்குள் இருக்கும். டிரைவ் பின்பலகைக்கு வெளியே தண்ணீரில் தொங்கிக்கொண்டு புரொப்பெல்லரைச் சுழற்றும். இரண்டையும் இணைக்கப் பின்பலகையில் பெரிய ஓட்டை ஒன்று அறுக்க வேண்டும். டிரைவுக்கு டிரைவ் ஓட்டை வேறு. எது என்று முடிவாகாமல் ரம்பத்தைத் தொட முடியாது.

"அவர்கிட்ட சொல்லு, பழைய டிரைவையே சரி பண்ணி மாட்டிடலாம்னு. படகோட கூடப் பொறந்தது அது" என்பார் அப்பா.

நான் படகைச் சுற்றிக்கொண்டு போய்ச் சொல்வேன். சுற்றி வருவதற்குள் பெரியப்பா பதிலைத் தயாராக வைத்திருப்பார். அப்பா சொன்னது அவர் காதில் விழாமலா இருக்கும்!

"உங்கப்பன்கிட்ட சொல்லு பாப்பா, அதோட ரப்பர் உறை இப்ப எந்தக் கடையிலயும் இல்ல. இருக்கிற உறை கிழிஞ்சா தண்ணி நேரா உள்ள வரும். படகு ஓடாது, முங்கும். ரெட்டை புரொப்பெல்லர் வச்ச புது டிரைவ்தான் சரி."

"ரெட்டையாம், ரெட்டை! அந்த கியர் பெரிய எஞ்சினுக்குன்னு செஞ்சது. நம்ம கிழட்டு எஞ்சின் அதை இழுக்கிறதுக்குள்ள மூச்சு வாங்கிடும்னு சொல்லு."

மறுபடியும் சுற்று. செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

இதைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கு வெறுத்துப்போனது. "ஞாயித்துக்கிழமை, படகை விலைக்குக் கேட்ட ஹோட்டல்காரர் வர்றார். அதுக்குள்ள டிரைவ் எதுன்னு முடிவாகலைன்னா படகை அவருக்குக் குடுத்துடலாம். வாசல்ல நிறுத்தி உள்ள மண்ணைக் கொட்டி பூச்செடி வைக்கப் போறாராம்" என்றாள். இருவரும் வீம்புக்குச் சரி என்றார்கள். அதையும் தனித்தனியாக, என் வழியாகவே சொல்லியனுப்பினார்கள்.

படகில் பூச்செடி!

உதிரிபாகக் கடைக்காரரிடம் போய் நின்றேன். தயங்கித் தயங்கி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "ரெண்டுமே வேணாம்மா. ஒத்தை புரொப்பெல்லர்லயே புது டிரைவ் இருக்கு. கியர் உங்க எஞ்சினுக்குப் பொருந்தும், ரப்பர் உறை எப்பவும் கிடைக்கும். ஆனா பின்பலகையோட கனம் ரெண்டேகால் அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. எந்த டிரைவா இருந்தாலும் அதான் கணக்கு."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "இது உங்க பெரியப்பன் சொல்லிக் குடுத்ததுதானே? வேணாம்" என்றார். பெரியப்பாவிடம் சொன்னேன். "உங்கப்பன் புத்தி இப்படித்தான் சுத்தி வளைச்சு வரும். வேணாம்" என்றார். கடைக்காரர் சொன்னது என்று சத்தியம் செய்யாத குறை.

ஞாயிறு காலை, வேறு வழி தெரியாமல் பின்பலகையின் மேல் விளிம்பில் அளவுகோலை வைத்தேன். மூன்று அங்குலம். மறுபடி வைத்தேன். அதே மூன்று.

"மூணு அங்குலம் இருக்கு" என்றேன், இரண்டு பக்கத்துக்கும் கேட்கிற மாதிரி.

"எப்படி இருக்கும்? எடை தாங்கட்டும்னு உள்பக்கம் ஒரு பலகை ஒட்டினேன். அதையும் சேர்த்து ரெண்டேகால்தான் வரும்" என்றார் அப்பா.

பெரியப்பாவின் கையில் இருந்த உப்புத்தாள் நின்றது. "வெளிப்பக்கம் நானும் ஒண்ணு ஒட்டினேனே" என்றார், என்னைப் பார்த்து.

அவரவர் ஒட்டி, அவரவர் சாயம் பூசி மறைத்திருக்கிறார்கள். இதை மட்டும் யாரும் என்னிடம் சொல்லியனுப்பவில்லை.

"யாரைக் கேட்டு ஒட்டினார்னு கேளு!" என்று அப்பா கத்தினார்.

"அவன் யாரைக் கேட்டான்னு முதல்ல கேளு!"

எனக்குள் என்னமோ பட்டென்று அறுந்தது. அளவுகோலைத் தரையில் போட்டேன். "நீங்களே கேட்டுக்குங்க. எனக்குக் கால் வலிக்குது" என்று சொல்லி, கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு பெரியப்பாதான் ஆரம்பித்தார். "டேய், அறிவிருக்கா உனக்கு?"

"உனக்கு இருக்காண்ணா? ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவே?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. ரப்பர் உறை, கியர், மூச்சு வாங்கும் எஞ்சின், நீலம், வெள்ளை. நான் நூறு தடவை சுமந்து போய்ச் சொன்னதையெல்லாம் புதிதாகக் கேட்கிறவர்கள்போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

"அப்ப அந்த ஒத்தை புரொப்பெல்லர் புது டிரைவை எதுக்குடா வேணாம்னே?"

"நீ சொன்னேன்னுதான் வேணாம்னேன்! நீ எதுக்கு வேணாம்னே?"

"நான் எங்கடா சொன்னேன்? கடைக்காரன்ல சொன்னான்!"

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "இவ ஒழுங்கா சொல்லியிருந்தா இந்த வம்பே இல்ல" என்றார் அப்பா. "அதானே" என்றார் பெரியப்பா. ஒரு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. வாளியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

அதற்குள் யாருடைய பலகையை இழைத்து எடுப்பது என்று அடுத்தது தொடங்கிவிட்டது. உள்பக்கமா, வெளிப்பக்கமா? இழைப்புளியை ஆளுக்கொரு முனையில் பிடித்திருந்தார்கள்.

வாசலில் ஹோட்டல்காரரின் வண்டி வந்து நின்றது. அம்மா கொட்டகைக் கதவருகே வந்து, உள்ளே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

"படகு விக்கிறதுக்கு இல்லீங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்காங்க" என்று அவள் சொல்வது, அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது.