இரண்டாவது சோதனை

என் புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று என்னை நம்பவைத்தவன் என் தம்பி அமிர்தலிங்கம். வேறு யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருப்பேன்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், கோயில் நிலம் எங்கள் குத்தகையில் இருந்தது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கரைவேட்டியைக் கட்டிக்கொள்கிற மகானுபாவர் ஒருவர் எங்கள் ஊரில் உண்டு. 'ஒன்றியம்' என்பதுதான் அவருக்குப் பெயர் மாதிரி. அவருக்கு அந்த நிலத்தின்மேல் கண். நட்டுப் பச்சை பிடித்திருந்த வயலில் டிராக்டரை இறக்கினார். என் வீட்டுக்காரர் அய்யாவு குறுக்கே போய் நின்றார். ஒன்றியத்தின் மகன் மண்வெட்டிக் காம்பால் அவர் பின்மண்டையில் போட்டான். அவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். இவரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து மூச்சு மிஷினில் போட்டோம்.

அதன்பிறகு இவர் கண்ணே திறக்கவில்லை. ஆனால் உடம்பு சூடாக இருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. நாலாம் நாள் காலையில் தம்பி அவர் உள்ளங்காலைச் சொறிந்தான். கட்டைவிரல் அசைந்தது.

"பாத்தியாக்கா? மாமாவுக்கு எல்லாம் தெரியுது. டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு வருவாங்க, ஒத்துக்காத. மிஷின எடுத்துட்டா அவ்வளவுதான்."

நான் மகளுக்கு ஃபோன் போட்டு, அப்பா காலை அசைக்கிறார் என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

தம்பி டீ குடிக்கப் போன சமயத்தில் டாக்டரம்மா விஜயம் வந்தார். விரல் அசைந்ததை ஆசை ஆசையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அது தண்டுவடம் பண்ற வேலைம்மா. மூளை செத்துட்டாலும் கால் அசையும். நேத்தே முதல் சோதனை பண்ணிட்டோம். கண்ணுல வெளிச்சம் அடிச்சோம், பஞ்சால தொட்டோம், காதுல ஐஸ் தண்ணி விட்டோம். எதுக்கும் அசைவே இல்ல. மிஷின நிறுத்தினப்போ மூச்சும் வரல. இன்னொரு தடவை பார்த்துட்டுத்தான் முடிவா சொல்லணும். உங்க தம்பிதான், நீங்க ஒத்துக்கல, தள்ளிப்போடுங்கன்னார்."

"அவனுக்கு நேத்தே தெரியுமாங்க?"

"எல்லாம் சொன்னேனேம்மா."

டீயோடு வந்தவனை வராந்தாவில் நிறுத்தினேன். முதலில் மழுப்பினான். சட்டையைப் பிடித்ததும் கொட்டினான்.

"இப்ப அடிதடி, கொலை முயற்சின்னுதான்க்கா கேஸு. மாமா செத்துட்டாருன்னு எழுதுனா கொலை கேஸாயிடும். நாளைக்கு ஒன்றியத்தோட மவனுக்கு ஜாமீன் கிடைச்சிட்டா, அந்த மூணு மாவையும் என் பேருக்குக் குத்தகை மாத்தித் தரேங்கறாரு ஒன்றியம். உனக்கும்தானேக்கா சோறு?"

நேற்றே அழுதிருப்பேன். நான் அழவேண்டிய அழுகையைக்கூட அவன் பேரத்தில் வைத்துவிட்டான். டீயைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

"இப்பவே பண்ணுங்கம்மா. நானும் நிக்கிறேன்."

கண்ணையும் காதையும் மறுபடி பார்த்துவிட்டு மிஷினைக் கழற்றினார்கள். குழாய் வழியாக ஆக்சிஜன் மட்டும் போனது. "உள்ள கெட்ட காத்து சேரச் சேர, மூளையில துளி உயிர் இருந்தாலும் நெஞ்சு தானா ஏறிடும்," என்றார் டாக்டர். எனக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டதே, ஆனாலும் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறுய்யா, ஒரே ஒரு தரம் ஏறு, இந்தப் பாவி சொன்னதாவது நிஜமாகட்டும் என்று கெஞ்சினேன். ஏறவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மற்ற டாக்டர்களும் தலையசைத்தார்கள். விஜயம் என் தோளைத் தொட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் அவுட்போஸ்ட். நேரே அங்கே போனேன். பின்னாலேயே அமிர்தலிங்கம் அழுதுகொண்டு வந்தான். "அக்கா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்துக்க," என்றான்.

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என் புருஷன் செத்துட்டாருங்க. கொன்னுட்டாங்க. நான் சொல்றத எழுதிக்குங்க."

"உக்காரும்மா. தொணைக்கு யாரும் வரலையா? கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?"

தம்பி என் முதுகுக்குப் பின்னால் விசும்பிக்கொண்டிருந்தான்.

"யாரும் இல்லைங்க," என்றேன்.