ஆந்தை படிக்காத பெயர்

“நீங்கதானா அந்த லீவு ஆந்தை?”

“மெதுவா பேசுங்க. இந்தக் கட்டடத்துல பாதிப் பேருக்கு நான் வெறும் வில்லனோட அடியாள் குரல்தான்.”

“சின்ன வயசுல உங்களுக்காகவே டி.வி. முன்னால தவம் கிடந்திருக்கேன். கார்ட்டூனுக்காக இல்ல. நடுவுல வர்ற ஆந்தைக்காக.”

“எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. காப்பி வாங்கித் தருவாங்க. கடைசில, ‘அந்தக் குரல்ல எம்பேரை ஒரு தடவை சொல்லுங்க’ம்பாங்க. அதை மட்டும் கேக்காதீங்க. வேற என்ன வேணா கேளுங்க.”

“ஏன்?”

“ஒரு ப்ரோமோவுக்கு மூணு பிள்ளைங்க பேரைத்தான் படிக்க முடியும். பேரெழுதி வந்த தபால் அட்டை மூணு மூட்டை. படிக்காம விட்ட பிள்ளைங்கள்லாம் இன்னும் என் தூக்கத்துல வரிசை கட்டி நிக்குதுங்க. இப்பப் போய் ஒருத்தருக்குச் சொன்னா மத்ததுங்க என்னைச் சும்மா விடுமா?”

“சரி. கேக்க மாட்டேன்.”

“காப்பியும் கிடையாதா அப்போ?”

பதினான்கு வருடங்களுக்கு முன், டப்பிங் ஸ்டுடியோவின் வராந்தாவில் நடந்த பேச்சு இது. நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேற்று மொழிக் கார்ட்டூன்களில் வாய் திறந்து மூடுவதைப் பார்த்துப் பார்த்து, அந்த அசைவுக்குப் பொருந்துகிற மாதிரி நம் வசனத்தை எழுத வேண்டும். அதைப் பேச வந்தவர்களில் ஒருவர் அவர். காப்பி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருடம் அவரையே கல்யாணமும் செய்துகொண்டேன். கொடுத்த வாக்கை மட்டும் மீறவில்லை. அந்த வரிசையில் நானும் ஒருத்தியாக நிற்கிறேன் என்று இந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை.

பத்து வயதில் தொடங்கியது. பரீட்சையின் கடைசி நாள், விரலில் மைக்கறையோடு வீட்டுக்கு ஓடி வந்து டி.வி.யைப் போட்டால், கார்ட்டூன் சேனலின் ஓரத்தில் மஞ்சள் கொடிகள் தொங்க ஆரம்பித்திருக்கும். அதைப் பார்த்தால்தான் லீவு விட்டதாக மனசு நம்பும். கோடை லீவு என்றால் ஆந்தை ஒரு தகர வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆண்டுக் கடைசி லீவு என்றால் பஞ்சில் செய்த பனி விழும், கம்பளிக் குல்லாய் கண்ணை மறைக்கும், தட்டுத் தடுமாறி வரும். எந்த லீவானாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: “பைய மூலைல போடு. பாவம், அதுக்கும் லீவு.” பிறகு கண்ணை உருட்டி மூன்று பெயர்களைப் படிக்கும். “ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கிற உனக்குந்தான். லீவு விட்டாச்சு.” இதற்கு மேல் இருபது நொடி இசை. அவ்வளவே. ஆறு வருடமும் ஒவ்வொரு லீவுக்கும் ஓர் அட்டை எழுதிப் போட்டேன். என் பெயர் வரவே இல்லை. அதன் பிறகு சேனல் கைமாறியது. ஆந்தையையும் எடுத்துவிட்டார்கள்.

அந்தக் குரல் இப்போது போகப் பார்க்கிறது.

மூன்று மாதமாக அவர் தொண்டை கரகரவென்று இருந்தது. ஊர்த் தூசி என்றார், ஏ.சி. என்றார், கடைசியில் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டு, திரையில் காட்டினார். குரல் நாணில் பருப்பு அளவுக்கு ஒரு கட்டி.

“எடுத்துடலாம். எவ்வளவு ஆழம்னு உள்ள போனாத்தான் தெரியும். குரல் பழையபடி வரலாம். கரகரன்னு வரலாம். வெறும் காத்தும் வரலாம். இப்பவே தயாரா இருங்க,” என்றார். “பன்னெண்டு நாள் கழிச்சு தேதி. அதுவரைக்கும் தொண்டைக்கு ரெஸ்ட் குடுங்க.”

ரெஸ்ட் என்றால் எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம். பெரிய ரெக்கார்டிங்குக்கு முன்னால் குரல்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள். கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்று இவரே புதுசாக வருகிறவர்களை மிரட்டுவார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஏறும்போது, “சரி, இன்னைலேர்ந்து நான் ஊமை,” என்றார். அதுதான் கடைசி வாக்கியம். மறுநாள் காலையில் நான் கடைக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகள் எழுதும் ஸ்லேட் ஒன்று வாங்கி வந்தேன்.

வீடு இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் உறுமியது. குழாய் சொட்டியது. ஸ்லேட்டில் சாக்பீஸ் கிறீச்சிடும்போதெல்லாம் என் பல் கூசியது. அவர் குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் கதவருகே போய் நிற்பேன். ‘ஏங்க’ என்று கூப்பிட முடியாது. கூப்பிட்டால் பதில் சொல்லத் தோன்றும். அதனால் கதவைத் தட்டுவேன். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வரும். அதைக் கேட்ட பிறகுதான் அங்கிருந்து நகர்வேன்.

வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஃபோனை எடுத்து அவர் அனுப்பிய குரல் செய்திகளைத் தேடினேன். “பால் வாங்கிட்டேன்.” “சாவி உன்கிட்டயா?” “லேட்டாகும், சாப்ட்டுடு.” அந்தக் குரல் பதினான்கு வருடமாகக் கூடவே இருக்கிறது என்ற தெனாவட்டில் ஒரு நல்ல வாக்கியத்தைக்கூடச் சேமித்து வைக்கவில்லை. கை தவறி எதையாவது அழித்துவிடுவேனோ என்ற பயத்தில் ஃபோனை மூடிப் பைக்குள் அடியில் போட்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அக்கா வந்தாள்.

“ஒன்பது நாளா புருஷன் வாயத் திறக்கலியா? என்ன விரதம்டி இருந்தே? எனக்கும் சொல்லு, உங்க அத்தானுக்கு வேண்டிக்கறேன்.”

உள்ளேயிருந்து இவர் ஸ்லேட்டை நீட்டிக் காட்டினார். ‘அத்தான் பாவம்.’

“பாத்தியா, வாய் மூடினாலும் கொழுப்பு அடங்கல மாப்பிள்ளைக்கு,” என்றபடி அக்கா கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள். “அம்மா வீட்டுப் பரண்ல இருந்த உன் பழைய வீடியோ கேசட். பூஞ்சை பிடிச்சுக் கிடந்துது. கடைல குடுத்து மாத்தி வாங்கினேன். முழுக்க அந்த ஆந்தைதான்டி. கார்ட்டூன் ஒண்ணுகூட இல்ல. கடைக்காரன் என்னை ஒரு மாதிரியா பாத்தான்.”

அவள் போன பிறகு டி.வி.யில் போட்டேன். கோடுகள் ஓடின. மஞ்சள் கொடி. தகர வாளி. “பைய மூலைல போடு.” பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தொண்டையில் ஒரு குறையும் இல்லாமல், உலகத்தில் எல்லாருக்கும் லீவு என்பதுபோலப் பேசினான். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உயிரோடு பக்கத்து அறையில் இருக்கிறவரின் குரலை, போனவர்களின் குரலைக் கேட்பதுபோலக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அணைக்க ரிமோட்டைத் தேடினேன். அவசரத்தில் அதைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

திரும்பினால் அவர் வாசற்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. திரையில் பஞ்சுப் பனி விழுந்தது. மூன்று பெயர்கள். அடுத்த வருடம், அடுத்த மூன்று பெயர்கள். பெயர்கள் முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் பதிவு சட்டென்று வெட்டுப்பட்டது. அவர் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார்.

‘ஏன் இதை மட்டும் ரெக்கார்டு பண்ணினே?’

“சும்மாதான்,” என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். பிறகு ஈரத்துணியால் அந்தக் கேள்வியைத் துடைத்தார். அப்போதே நான் கேட்டிருக்கலாம், என் பெயரைச் சொல்லுங்கள் என்று. ஆனால் பேசக் கூடாத மனிதரிடம் போய்ப் பேசச் சொல்லிக் கேட்பேனா? அதுவும் ஒரு சாக்கு என்று உள்ளுக்குள் தெரிந்தே இருந்தது. கேட்டுவிட்டால், இது கடைசி என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். மௌனமாக இருக்கும்வரை குரல் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது, திரும்பி வரும் என்று நம்பிக்கொள்ளலாம்.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். பச்சை அங்கியை மாட்டிக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். நான் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது தாளில் ‘குரல் இழப்பு’ என்று அச்சடித்திருந்தது. அந்த வரியின் மேல் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொண்டுதான் பேனாவைப் பிடித்தேன்.

நர்ஸ் அட்டையோடு வந்தார். “சார், உங்க பேரைச் சொல்லுங்க.”

“நான் சொல்றேன் சிஸ்டர்,” என்றேன்.

“இல்லம்மா. பேஷண்ட்தான் தன் வாயால சொல்லணும். இங்க அதுதான் முறை.”

“அவர் பேசக் கூடாது சிஸ்டர். டாக்டர் சொல்லியிருக்கார். பதினோரு நாளா ஒரு வார்த்தை பேசல.”

“யாரு பேசக் கூடாதுன்னது?” டாக்டரின் குரல் பின்னாலிருந்து வந்தது. கையில் ஃபைலோடு நின்றார். “ரெஸ்ட்னா கத்தாதீங்க, டப்பிங் போகாதீங்கன்னு அர்த்தம். வீட்ல பேசினா என்ன ஆகப்போவுது? இந்த ஆபரேஷனுக்கு வர்றவங்ககிட்ட நானே சொல்வேன், பேச வேண்டியதெல்லாம் பேசிட்டு வாங்கன்னு. உங்ககிட்ட...” ஃபைலைப் புரட்டினார். “குரல்காரர், தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன் போல. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. பேசுங்க.”

 கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தன் பெயரைச் சொன்னார். நாற்காலியைத் தரையில் இழுத்த மாதிரி வந்தது. நர்ஸ் சரிபார்த்துக்கொண்டு போனார். டாக்டரும் போய்விட்டார்.

“பதினோரு நாள்,” என்றார்.

“நீங்கதான ஆட்டோல ஊமைன்னு சொன்னீங்க.”

“நீதான ஓடிப்போய் ஸ்லேட் வாங்கிட்டு வந்தே.”

“கிசுகிசுக்கக்கூடக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தது யாரு?”

“பதினோரு நாளா உன் சமையலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல முடியல.”

“இப்ப சொல்லுங்க.”

“உப்பு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது வேறாகி, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்தேன். இருபது நிமிடத்துக்கு என்னதான் பேசுவது? கேஸ் சிலிண்டர் பதிந்தாயிற்றா என்று கேட்டார். பதிந்தாயிற்று என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மடித்து உறையில் போட்டேன்.

“பயமா இருக்கா?” என்றார்.

“இல்ல. உங்களுக்கு?”

“எனக்கும் இல்ல,” என்றார். அவர் கை என் கைக்குள் ஈரமாக இருந்தது. “ஏதோ சொல்ல வந்து முழுங்கற மாதிரியே இருக்கே. அன்னைக்கு அந்த கேசட்டைப் பாத்தப்பவும் இதே முகம்.”

“ஒண்ணும் இல்ல.”

“உதட்டைப் பாத்து வசனம் எழுதறவ நீ. உன் உதட்டை நான் படிக்க மாட்டேனா?”

தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் நடைபாதையின் அந்தக் கோடியில் கேட்டது. ஒரு சக்கரம் மட்டும் கிறீச், கிறீச் என்றது. கதவுக்குக் கதவு அது நெருங்கி வந்தது. பத்து வயதில் டி.வி. பெட்டிக்கு முன்னால் வீடியோ ரெக்கார்டரின் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே படபடப்பு. இரண்டு பெயர் முடிந்தது, இன்னும் ஒன்று பாக்கி.

ஊழியர் கதவைத் தள்ளி வண்டியை உள்ளே விட்டார். “போலாமா சார்?”

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் கையை விடவில்லை.

“ஒரு நிமிஷம் இருங்கண்ணே,” என்றேன் ஊழியரிடம். பிறகு அவரைப் பார்த்தேன். கேட்டால் கடைசியாகிவிடும் என்ற பயம் அப்படியே இருந்தது. கேட்காமல் அந்த வண்டியை அனுப்புவது அதைவிடப் பயமாக இருந்தது.

“உங்க தூக்கத்துல நிக்கற வரிசைல நானும் நிக்கறேங்க. ஆறு வருஷம் அட்டை எழுதிப் போட்டேன். கேக்க மாட்டேன்னு சொன்னேன்தான். இப்ப கேக்கறேன். அந்த ஆந்தைக் குரல்ல, ஒரே ஒரு தடவை, எம்பேரைச் சொல்லுங்க.”