ஐந்தாவது வரியில் அத்தான்

ஒருவருக்கும் சலுகை காட்டாதவள் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பு உண்டு. 1989இல் குருநகர்த் தேவாலயத்தின் பங்குமனைக் கொம்பியூட்டரில் கண் முகாமின் பட்டியலை அந்தக் கொழுப்போடுதான் தயாரித்தேன். பெயர் கொடுத்தவர்கள் அறுபது பேர். சத்திரசிகிச்சை நாற்பது பேருக்குத்தான். மற்றவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். என் அக்கா மக்டலீனின் புருஷன் யாகப்பு அத்தான் நாற்பத்திரண்டாவது. இரண்டு கண்ணிலும் புரை. கடலில் வலை கட்ட நட்ட தடிகள் தெரியாமல் மூன்று மாதமாகக் கடலுக்குப் போகவில்லை.

"ரெண்டு இடம் தானே றோஸ்" என்று அக்கா கேட்டாள். முடியாது என்றேன். சொன்ன விதமும் நல்லதில்லை.

வெள்ளிக்கிழமை கண் டொக்டரிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. ஐம்பத்தோராவதாக இருக்கும் சண்டிலிப்பாய் செல்வநாயகிக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, அவரை ஐந்தாவதாகப் போடவும் என்று.

அந்தப் புரோகிராமில் ஒரு பெயரை இடம் மாற்ற, மவுஸின் பொத்தானை அமத்திப் பிடித்தபடி இழுத்துக்கொண்டுபோய் வேண்டிய வரியில் விட வேண்டும். எழுதித் தந்த வெளிநாட்டுக்காரர் எட்டுப் பெயரை வைத்து அதைப் பெருமையாகக் காட்டிவிட்டுப் போனார். எங்களுடையதோ அறுபது பெயர். திரையில் ஒரு நேரம் பத்து வரிதான் தெரியும். மேல் விளிம்புவரை இழுத்தாலும் பட்டியல் அசையாது. மேல் வரியில் பெயரை இறக்கி, பட்டியலை நகர்த்தி, மறுபடி பிடித்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது பெயர் தெரியாது. புள்ளிக் கோட்டுப் பெட்டி ஒன்றுதான் கூட வரும். அது ஒரு வரிக்கு மேலே விழுமா கீழே விழுமா என்பது விட்ட பிறகுதான் தெரியும்.

செல்வநாயகியைத் திரையின் முதல் வரிக்கு மேலே இறக்கியதாக நினைத்தேன். அவர் அதற்குக் கீழே விழுந்திருந்தார். அடுத்த பிடியில் நான் பிடித்தது அந்த முதல் வரியில் இருந்த அத்தானை. ஐந்தாவது வரிக்குப் போக நாலு இடத்தில் இறக்கி ஏற்றினேன். ஓரிடத்திலாவது பெயரை வாசித்திருக்கலாம். அச்சடித்து முகாம் நடக்கும் மண்டபக் கதவில் ஒட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லி அழுதபோதுதான் விஷயம் தெரிந்தது. மண்டபத்துக்கு ஓடினேன். செல்வநாயகி மகளோடு வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தார். பிழை நடந்துவிட்டது, மாற்றுகிறேன் என்றேன்.

"பறவாயில்லைப் பிள்ளை. உங்கடை அத்தானெண்டு சொல்லிச்சினம். ஆருக்கும் தங்கடை ஆக்கள் தானே முதல்" என்றார், கோபமே இல்லாமல். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு பெயரையும் அழித்துவிட்டுப் புதிதாக ரைப் பண்ணினேன். செல்வநாயகி ஐந்து. அவர் மேலே ஏறியதால் அத்தான் இப்போது நாற்பத்துமூன்று.

அக்கா அத்தானையும் கூட்டிக்கொண்டு பங்குமனைக்கே வந்துவிட்டாள். மெஷின் விட்ட பிழையென்றால் அது ஏன் எங்கள் வீட்டுப் பெயரைத் தேடிப் பிடித்தது என்று கேட்டாள். இரு, காட்டுகிறேன் என்று அவளைத் திரைக்கு முன்னால் இருத்தினேன். அதே பிழையை மறுபடி விடப் பார்த்தேன். பத்துத் தரம் இழுத்தேன். பத்துத் தரமும் பெயர் அச்சொட்டாக உரிய இடத்தில் போய் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா எழுந்து வெளியே போனாள்.

அத்தான் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"விடு றோஸ். நீ வேணுமெண்டு போட்டதெண்டே நான் நினைச்சுக்கொள்ளுறன். பிறகு பயந்துபோய் எடுத்திட்டாய். என்னை ஒருக்கா நினைச்சனியெல்லே, எனக்கு அது போதும்" என்றார்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அக்காவிடம் முடியாது என்று சொன்ன பிறகு, அவரை நான் ஒரு தரம்கூட நினைக்கவில்லை.