சாபினோ விள்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

சாபினோ விள்காவைப் புதைத்ததற்கு அடுத்த ஞாயிறு, காலை ஏழு மணி பதினோரு நிமிடத்துக்கு, அவர் பொதுவேலைக்கு வந்து வரிசையில் நின்றார். ஏழுக்குப் பிறகு வருபவர்கள் பத்துக் கல் கூடுதலாகச் சுமக்க வேண்டும் என்பது எங்கள் குடியிருப்பான அல்தோ ரோசியோவின் விதி. பத்துக் கல்லையும் சுமந்தார். புதைத்தபோது போட்டிருந்த பழுப்புக் கோட்டைத்தான் போட்டிருந்தார். முழங்கை மடிப்பில் மண் இருந்தது. செயலாளர் தெல்ஃபின் அவர் பெயருக்கு நேரே 'தாமதம்' என்று எழுதினார். யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அன்று ஆள் குறைவு, சுவரோ பாதியில் நின்றது.

லிமாவின் தெற்கு ஓரத்தில் எங்கள் மேட்டைக் கடைசி மேடு என்று சொல்லிக்கொண்டு ஏறி வந்தோம். அதற்குப் பிறகு இன்னும் மூன்று கடைசி மேடுகள் முளைத்துவிட்டன. நாணல்பாய்ச் சுவர்களை முதுகில் கட்டிக்கொண்டு வந்த நூற்றிருபது குடும்பங்கள் நாங்கள். மழை என்பதை மலைநாட்டில் பிறந்தவர்கள் மட்டும் பார்த்திருந்தோம். வருடத்தில் ஆறு மாதம் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வரும். காயப்போட்ட துணியை நனைக்கும், தாகத்தைத் தீர்க்காது. குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்து நீலப் பீப்பாயில் நின்று வாரக் கடைசியில் நாறும். ஆகவே ஞாயிறுதோறும் எல்லோரும் சேர்ந்து உழைத்தோம். மணல் சரியாமல் இருக்கக் கல் சுவர் எழுப்பினோம். முந்நூற்று எண்பத்தாறு படிகள் வெட்டினோம். உச்சியில் பனியைப் பிடிக்கும் வலைகளைக் கட்டி, அவை சொட்டுகிற தண்ணீரில் தாரா மரக்கன்றுகளை வளர்த்தோம். அதிகாரிகள் வரும்போது அதைப் பசுமை வளையம் என்று சொல்வோம். உண்மையில், மேலே இன்னொரு கூட்டம் குடிசை போட்டு எங்கள் தலையில் கல் உருட்டிவிடாமல் இருக்கத்தான் நட்டோம். கன்று நட்ட இடத்தில் குடிசை போட யாருக்கும் மனம் வருவதில்லை, அது ஏனென்று எனக்குத் தெரியாது.

சாபினோ செத்தது ஒரு சனிக்கிழமை. இருநூற்றுப் பதினாலாம் படியில் சிமெண்ட் மூட்டையோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர். களைப்பு என்று எங்களுக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அந்த மனிதர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வேறு நாளில் யாராலும் விடுப்பு எடுக்க முடியாததால் ஞாயிறன்றே புதைத்தோம். குழி வெட்டுவதையே அன்றைய பொதுவேலையாகக் கணக்கில் வைப்பது என்று கூட்டத்தில் முடிவானது. தெல்ஃபின் வருகைப் பதிவேட்டையும் கல்லறைக்கே எடுத்து வந்தார்.

தவறு அங்கேதான் நடந்தது. கூட்டாளி ஒருவன் செத்தால் குழி மேல் நின்று அவன் பெயரைக் கூப்பிடுவதும், கூடியிருப்பவர்கள் ஒரே குரலில் "ஆஜர்!" என்பதும் எங்கள் ஊர் மரியாதை. தலைவி நாசரியா கூப்பிட்டாள். மீன் சந்தையில் செதில் சீவுகிறவள், அவள் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். "தோழர் சாபினோ விள்கா!" என்றாள். "ஆஜர்!" என்றோம். ஒன்பது வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டதும் குறி போட்டுப் பழகிய தெல்ஃபினின் கை, அழுதுகொண்டிருந்தபோதே குறி போட்டுவிட்டது. மையில் போட்டது. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நோட்டரியின் முத்திரை உண்டு. ஓர் எழுத்தை அடித்தாலும், அதைப் பார்த்து எங்களுக்குக் குழாய் தரவேண்டிய குடிநீர் அலுவலகம் ஏற்காது. ஆக, அந்த ஞாயிறு சாபினோ வந்திருந்தார் என்று ஆகிவிட்டது. வந்தவர் வேலை செய்தாக வேண்டும். செய்ய வந்துவிட்டார்.

முதல் ஞாயிறு அவர் மனைவி கிரிமனேசா பொதுச் சட்டியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு அருகே போனாள்.

"சாப்பிட்டியா?"

"பசிக்கல. காலுதான் வலிக்குது."

"எப்படி வந்த?"

"நடந்துதான். பஸ்ஸுக்குச் சில்லறை இல்ல."

கல்லறையிலிருந்து எங்கள் மேட்டுக்கு இரண்டு மணி நேர நடை. நண்பகலில் வேலை முடிந்ததும் மண்வெட்டியை அதன் இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி நடப்பார். வீட்டில் தங்கச் சொல்லி கிரிமனேசா கெஞ்சிப் பார்த்தாள். அங்கே தன் இடம் காலியாக இருந்தால் வேறு யாரையாவது போட்டுவிடுவார்கள் என்றார். ஒரு மனை கிடைக்கப் பதினோரு வருடம் காத்திருந்த ஆளுக்கு அந்தப் பயம் போகுமா? அடுத்த வாரம் கிரிமனேசா பஸ்ஸுக்குச் சில்லறையைக் கோட்டுப் பையில் போட்டுவிட்டாள். அதற்கடுத்த வாரம் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிறு காலையில் அந்தத் தடத்தில் பஸ் இல்லையாம்.

மூன்று வருடம் இப்படியே போனது. ஆரம்பத்தில் சிலர் சிலுவைக்குறி போட்டார்கள். பிறகு அந்தக் கையும் கல் தூக்கவே தேவைப்பட்டது. சாபினோ முன்னைவிட மெதுவாக வேலை செய்தார், ஆனால் தண்ணீர் கேட்பதில்லை. லாரி வராத வாரங்களில் அது பெரிய உதவி. கிரிமனேசா அவருக்காக மூன்று ஜோடிக் காலணி வாங்கினாள். மூன்றின் அடியும் தேய்ந்து ஓட்டையானது. அவருக்குப் பதில் தானே வருகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தாள். அதற்கு வழியில்லை. ஒரு காலத்தில் ஆண்கள் எல்லோரும் மனைவியை அனுப்பிவிட்டுக் கால்பந்து பார்க்கப் போனார்கள். அதனால் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் வரவேண்டும் என்று பெண்களே ஓட்டுப் போட்டு விதி செய்திருந்தார்கள். அன்று முதலில் கை தூக்கியவள் கிரிமனேசா.

நான்காம் வருடம் குடிநீர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் கோப்பு மேசைக்கு வந்துவிட்டது, ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள், எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த வருடம் குழாய். நாசரியா கடிதத்தை மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் கைதட்டினோம். கடைசி வரியில் ஒரு நிபந்தனை இருந்தது. பதிவேட்டில் ஒரு பெயர் மாறினாலும் கோப்பு வரிசையின் அடிக்குப் போகும், அங்கிருந்து ஏறி வர இரண்டு வருடமாகும். மூன்று ஞாயிறு தொடர்ந்து வராதவர் பெயர் தானாக நீங்கிவிடும் என்பது எங்களுடைய சொந்த விதி. அலுவலகத்துக்கு அதையும் பெருமையாக எழுதிக் கொடுத்திருந்தோம்.

அந்த வாரம் நடந்த கூட்டத்தில் கிரிமனேசா எழுந்து நின்றாள். அவள் மகளுக்கு ஞானத்தாய் நாசரியா. அந்த மகள் சிலிக்கு வேலைக்குப் போய் வருடங்களாகின்றன என்றாலும், இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் முறை சொல்லி அழைப்பார்கள்.

"கொமாத்ரே, அவர விட்டுடுங்க. போன வாரம் கல்லு தூக்கையில என்கிட்ட சொன்னாரு, தூக்கம் வருதுன்னு. கல்யாணமாகி இத்தன வருஷத்துல அந்த மனுஷன் வாயில அந்த வார்த்த வந்ததே இல்ல."

"தூக்கம் யாருக்குத்தான் வரல? நான் மூணு மணிக்கு எந்திரிச்சு மீன் சீவப் போறேன்."

"நீங்க சாயந்திரம் வந்து படுக்கிறீங்க. அவரு படுக்கிறதுக்கே ரெண்டு மணி நேரம் நடக்கணும்."

"ஒரு வருஷம் கொமாத்ரே. ஒரே வருஷம். குழாய் வந்ததும் நானே அவரு காலைக் கழுவி அனுப்பி வைக்கிறேன்."

"போன வருஷம் சுவர் முடியட்டும்னீங்க. அதுக்கு முந்தின வருஷம் படி."

தெல்ஃபின் ஏதோ சொல்ல எழுந்தார். "நீ உக்காரு, உன் பேனா பண்ண வேலைதானே எல்லாம்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். உட்கார்ந்துவிட்டார். ஓட்டெடுப்பு நடந்தது. சாபினோ இன்னும் ஒரு வருடம் வரவேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் தூக்கினோம். என் வீட்டுப் பீப்பாயில் அன்று புழு நெளிந்தது. கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து நின்ற சாபினோவும் கையைத் தூக்கினார். கூட்டத்துக்கு வருவதும் கட்டாயம் என்பதால் வந்திருந்தார். உயிரோடு இருந்த நாளிலிருந்தே எல்லோரும் தூக்கும் பக்கம்தான் தூக்குவார்.

கிரிமனேசா திரும்பிப் பார்த்தாள். "செத்தும் உனக்குப் புத்தி வரலையே!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தோம். சாபினோவும் கொஞ்சம் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் அலுவலகத்திலிருந்து பொறியாளர் ஒருவர் வந்தார். பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் கையாகக் குலுக்கினார். சாபினோவிடம் வந்ததும், "என்னங்க, கை இப்படி ஜில்லுனு இருக்கு?" என்றார். "பனிமூட்டம் சார், வலை கட்டுற ஆளு" என்றாள் நாசரியா. பொறியாளர் தலையாட்டிக்கொண்டு, கடும் உழைப்பாளி போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டார்.

குழாய்க்கு ஐந்து மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு சாபினோ வரவில்லை. ஏழு பதினொன்று வரை காத்திருந்தோம். எட்டு வரை காத்திருந்தோம். கஞ்சிச் சட்டியடியில் கிரிமனேசாவும் இல்லை. நாசரியா இரண்டு பேரைக் கல்லறைக்கு அனுப்பினாள். அவர்கள் திரும்பி வந்து சொன்னது இதுதான்: கிரிமனேசா கணவன் குழி மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறாள். சும்மா உட்காரவில்லை, மடியில் எடைக்கு ஒரு மூட்டை சிமெண்ட் வேறு. விடியும்போது காலடியில் மண் இரண்டு தடவை உயர்ந்து நாற்காலி ஆடியதாம். குனிந்து, "பேசாம படு. இன்னிக்கு உனக்கு லீவு" என்றாளாம். உள்ளேயிருந்து, "பேரைக் கூப்பிடுவாங்க கிரிமா" என்று கேட்டதாம். "கூப்பிடட்டும்" என்றாளாம்.

அடுத்த வாரம் நாசரியாவே போனாள். கெஞ்சினாள், திட்டினாள், நூற்றிருபது வீட்டுக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதில் பொய் எதுவும் இல்லை. மூன்று ஞாயிறு ஆனால் பெயர் போகும், பெயரோடு மனையும் போகும், நீ எங்கே போய் நிற்பாய் என்று கேட்டாள். கிரிமனேசா பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும் கொமாத்ரே. குழந்தைங்களுக்குச் செய்யிறது பாவம்னும் தெரியும். ஆனா இவரு என் ஆளு" என்றாள். அன்று மண் ஒரு தடவைதான் உயர்ந்தது. மூன்றாம் ஞாயிறு உயரவே இல்லை. நாற்காலியின் கால்கள் அரைச் சாண் இறங்கின, அவ்வளவுதான்.

அன்று மதியம் தெல்ஃபின் சாபினோ விள்காவின் பெயரை விதிப்படி நீக்கினார். மனை காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகவேண்டும். அது முத்திரை இல்லாத தனி நோட்டு. அதில் இருந்த பழைய பெயர்களெல்லாம் அப்பால் முளைத்த கடைசி மேடுகளுக்குப் போய்விட்டதால் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். தெல்ஃபின் அதைப் படித்தார்: கிரிமனேசா பூமா, விதவை, வயது நாற்பத்தொன்பது. அந்த ஓட்டெடுப்புக்கு மறுநாளே எழுதிக் கொடுத்திருக்கிறாள், அவரும் யாரிடமும் சொல்லாமல் எழுதி வைத்திருக்கிறார். அவர்மேல் எங்களுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

கோப்பு அடிக்குப் போனது. இரண்டு வருடம் என்று சொன்னவர்கள் கடைசியில் இரண்டரை வருடம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலம் முழுக்கப் பீப்பாய்த் தண்ணீரைத்தான் குடித்தோம். கிரிமனேசாவின் வாசலில் ஒருவரும் நின்று பேசவில்லை.

ஆனால் அது பிறகு. நான்காம் ஞாயிறு சரியாக ஏழு மணிக்கு அவள் வேலைக்கு வந்தாள், தன் பெயரிலேயே. பழைய ஆளின் அபராதம் மனையை வாங்குகிறவரைச் சேரும் என்பதும் விதிதான். வராத ஞாயிறு ஒன்றுக்கு ஐம்பது வீதம், மூன்று ஞாயிறுக்கு நூற்றைம்பது கல். யாரும் உதவிக்குப் போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை. கீழிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறினாள். முப்பதாவது கல்லோ என்னவோ, மேலே சுவர் வைத்துக்கொண்டிருந்த நாசரியா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்காமல்தான் வாங்கினாள். கல்லைச் சுவரில் பொருத்தி, இரண்டு தட்டுத் தட்டி, அடுத்த கல்லுக்குக் கை நீட்டும்போது கேட்டாள்:

"எப்படி இருக்காரு?"

"தூங்குறாரு" என்றாள் கிரிமனேசா.

அதற்குப் பிறகு நண்பகல் வரை அந்த மேட்டில் எல்லோரும் மெல்லிய குரலிலேயே பேசினோம்.