பீமா என்றொரு சொல்

அந்த நாய்க்குட்டியைப் புஷ்பவள்ளி திட்டாத நாள் கிடையாது. திட்டாமல் கொஞ்சவா முடியும்? பினாங்குத் தீவில், பாயான் பாருவில் அவள் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் காடி நிறுத்தக் கொஞ்சம் இடம், பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். அதற்குள் ஜெர்மன் பாயிண்டர் என்கிற வேட்டைச் சாதி நாயைக் கொண்டுவந்து விட்டால் அது என்னதான் செய்யும்? நாள் முழுக்கக் காட்டில் பறவையை மோப்பம் பிடித்து ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு அது. இங்கே மோப்பம் பிடிக்க அவளுடைய தையல் மெஷினையும் மீன் குழம்புச் சட்டியையும் விட்டால் வேறு என்ன இருக்கிறது?

கொண்டுவந்தவர் அவள் புருஷன் கார்த்திகேசு. முப்பத்திரண்டு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் மெஷின்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ரிட்டயரான மறுவாரமே சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இந்தா, இங்க வந்து பாரேன்."

சட்டைப் பொத்தானுக்கு மேலே கோப்பி நிறத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"என்னாங்க இது?"

"வேட்டை நாய்லா. நல்ல சாதி. பீமான்னு பேரு வெச்சிருக்கேன்."

"இங்க எதை வேட்டையாடப் போவுது? என்னையா?"

"மொதல்ல வளரட்டும், அப்பறம் பாப்போம்."

வளர்ந்தது. ஐயோ, அது என்ன வளர்ச்சி! நான்கே மாதத்தில் சோபாவின் வயிற்றைக் கிழித்து ஹால் முழுக்கப் பஞ்சைப் பரப்பியது. ரிமோட்டைத் தின்றது. கறிவேப்பிலைச் செடியை வேரோடு பிடுங்கி, பெரிய வேட்டை முடித்து வந்த மாதிரி அவள் காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டியது. மேசைக் காலைக் கடிக்கிறதே என்று மிளகாய்த்தூளைக் குழைத்துத் தடவினாள். நக்கிவிட்டு, போய் ஒரு கிண்ணம் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து கடித்தது. லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு அவள் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கையில் ஒரு கையை அது விழுங்கிவிட்டது. அந்தக் கடையில் போய் நின்று, "நாய் தின்னுடுச்சிங்க" என்று சொன்னபோது அவளுக்கே நம்பிக்கை வரவில்லை, கேட்டவர்களுக்கு எங்கே வரும்?

கார்த்திகேசு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "ஓட விடணும்லா. களைச்ச நாய் கடிக்காது."

விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு திடலை ஏழு சுற்று, சாயந்திரம் மறுபடி ஏழு சுற்று என்று அதை ஓட்டினார். மழை நாளில் வறுத்த நெத்திலியை வீட்டில் அங்கங்கே ஒளித்து வைத்து மோப்பம் பிடிக்கச் சொன்னார். மூக்குக்கு வேலை கொடுத்தால் வாய்க்கு வேலை குறையுமாம். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் குறையத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயர்! "பீமா, விடு! பீமா, வா! பீமா, உக்காரு! டேய், பீமா!" காலையில் கண் விழித்ததிலிருந்து நூறு தடவைக்குக் குறையாது.

இருபத்தெட்டு வருஷத்தில் அவளை அவர் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான புதிதில் வீட்டில் மாமியார், நாத்தனார், கொழுந்தன் என்று ஏழெட்டுப் பேர். அவர்கள் எதிரில் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வெட்கம். "இந்தா" என்று ஆரம்பித்தார். எல்லோரும் தனித்தனியாகப் போன பிறகும் அந்த "இந்தா" போகவில்லை. அவளும் அவர் பெயரைச் சொன்னதில்லை, "என்னங்க"தான். அவர்கள் பழக்கம் அப்படி. நாய் வரும்வரை அதில் அவளுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

"அந்தப் பேர எனக்கு வெச்சிருந்தா நாளைக்கு நூறு தடவ என்னையும் கூப்பிட்டிருப்பீங்க" என்று ஒரு நாள் சொல்லியே விட்டாள்.

அவர் சிரித்தார். "ஒனக்கு எதுக்குப் பேரு? நீதான் பக்கத்துலயே இருக்கியே."

நாய் வந்த ஐந்தாம் மாதம், ஒரு காலையில் சைக்கிளை எடுக்கப் போனவர் கேட்டுக்குப் பக்கத்திலேயே சரிந்தார். பீமா குரைத்த குரைப்பில்தான் அவள் மாவுக் கையோடு ஓடிவந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் அவர் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. பன்னிரண்டாம் நாள் உதட்டைக் கோணி, முகம் சிவக்க, ஒரு சொல் வந்து விழுந்தது.

"பீமா."

தாதிகள் கைதட்டினார்கள். புஷ்பவள்ளி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தார்கள், பாதி அதுதான். மீதிப் பாதியை அவள் யாரிடம் சொல்வாள்?

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றால் "பீமா". கால் மரத்துப்போனால் "பீமா". அவள் சமையலறையிலிருந்து வரத் தாமதமானால், கோபமாக, "பீமா!" பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒரு முறை வீட்டுக்கு வரும் நோர்மா என்கிற மலாய்ப் பெண் மட்டும் சந்தோஷப்பட்டாள். "தினமும் புழங்கின சொல் சிலருக்கு இப்படித் தங்கிடும் அக்கா" என்று மலாயில் சொன்னாள். "இந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டே மத்ததையும் இழுத்துடலாம்." சொன்ன மாதிரியே மூன்றாம் வாரத்தில் "பீமா வா" வந்தது. நாய் தாவி வந்து அவர் மடியில் தலையை வைத்தது.

ஆனால் அதை ஓட்ட ஆளில்லையே! ஜாமத்துக்கு ஜாமம் மாத்திரை கொடுத்து, துடைத்து, தூக்கி உட்கார வைக்கிறவள் எப்படித் திடலைப் பதினான்கு சுற்றுச் சுற்றுவாள்? ஓடாத ஓட்டத்தையெல்லாம் அது வீட்டுக்குள் ஓடித் தீர்த்தது. மெத்தை போயிற்று, கதவின் அடிப்பலகை போயிற்று, அவருடைய டயப்பர் மூட்டை தூள் தூளாயிற்று. ஒரு நாள் அவர் நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்து முதல் முறையாகத் தானே எழுந்து நின்றார். அதைப் பார்த்த சந்தோஷத்தில் பீமா பாய்ந்து வந்து இரண்டு முன்னங்கால்களையும் அவர் நெஞ்சில் வைத்தது. மேசை விளிம்பில் விழுந்ததில் அவர் நெற்றியில் ஆறு தையல். இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும், அப்புறம் படுக்கைதான் என்றார் டாக்டர்.

ஜொகூரிலிருந்து மகன் ஹரீஷ் போனில் கத்தினான். "குடுத்துரும்மா! ஒனக்கு அப்பா முக்கியமா, நாய் முக்கியமா?"

அவன் சொன்னதும் சரிதான், டாக்டர் சொன்னதும் சரிதான். ஆனால் அவள் கொடுத்தது அதற்காக மட்டுமில்லை. அன்றைக்கு அவர் விழுந்ததும் முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தவள் அவள். அவர் அவளைப் பார்க்கவில்லை. நடுங்கி மூலையில் ஒடுங்கிய நாயைப் பார்த்து, நல்ல கையை நீட்டி, "பீமா... பீமா..." என்று கொஞ்சினார். இது போனால் இந்தப் பெயரும் போகும், அந்த இடத்தில் நான் வருவேன் என்று நினைத்தாள். வெட்கங்கெட்ட நினைப்புத்தான். ஆனாலும் நினைத்தாள்.

புக்கிட் மெர்தாஜாமில் டுரியான் பழத் தோட்டம் வைத்திருக்கிற மோகனராஜ், கார்த்திகேசுவோடு ஃபேக்டரியில் வேலை செய்தவர். அவர் வந்து நாயைக் காடியில் ஏற்றினார். "தோட்டத்துல நல்லா ஓடுவான் தங்கச்சி, கவலைப்படாதீங்க."

"ஒண்ணு மட்டும் அண்ணே. அவனப் பத்தி எனக்கு ஒரு சேதியும் சொல்லாதீங்க. நல்லதோ கெட்டதோ, வேணாம். கேட்டா எனக்கு மனசு மாறிடும்."

மோகனராஜ் தலையாட்டினார். காடிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பீமா போயிற்று.

அன்று சாயந்திரம் கார்த்திகேசு வாசலைப் பார்த்து, "பீமா வா" என்றார். மறுநாளும் சொன்னார். நான்காம் நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. தாகமென்றாலும் சொல்லவில்லை, வலித்தாலும் சொல்லவில்லை. வீடு சுத்தமாக இருந்தது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

நோர்மா வந்து இரண்டு வாரம் போராடிப் பார்த்தாள். படங்களைக் காட்டினாள், பாட்டுப் போட்டாள். கடைசியில் கேட்டாள், "வீட்ல உங்களை எப்படிக் கூப்பிடுவார் அக்கா? அந்தப் பேரை வெச்சு ஆரம்பிக்கலாம்."

"பேரு சொல்ல மாட்டாரு" என்றாள் புஷ்பவள்ளி. காது சூடேறியது.

"ஒரு தடவைகூடவா?"

"எங்க பழக்கம் அப்படி."

நோர்மா போன பிறகு அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாசற்கதவைச் சாத்திக்கொண்டாள், யாரும் கேட்டுவிடுவார்களோ என்று கூச்சம். "புஷ்பா. சொல்லுங்க. புஷ்பா. இது என் பேருதாங்க." அவர் அவள் உதடுகளையே பார்த்தார். முயற்சி கூடச் செய்தார், பாவம். ஆனால் கண்ணில் ஒரு திகைப்பு, யாரோ ஊர் பேர் தெரியாத பெண்ணைப் பற்றிக் கேட்கிற மாதிரி. இல்லாத சொல்லை எங்கேயிருந்து எடுப்பார்? அவர் வாயில் இருந்த ஒரே சொல்லை அவள்தான் காடியில் ஏற்றி அனுப்பிவிட்டாளே.

இரண்டே நாளில் முடிவு செய்தாள். ஹாலுக்கும் வாசலுக்கும் நடுவே இடுப்புயரத் தடுப்புக் கதவு போட ஆளை வரவழைத்தாள். விடியற்காலையில் தானே திடலில் ஓட்டுவது என்று காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கினாள். நெத்திலி ஒரு பொட்டலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக் காமாரியாவை அவரோடு உட்கார வைத்துவிட்டு, காடியை எடுத்துக்கொண்டு தீவைவிட்டுக் கடல் பாலத்தைத் தாண்டினாள். வழியெல்லாம் மோகனராஜிடம் எப்படிக் கேட்பது என்றே யோசனை. கொடுக்க மாட்டேன் என்றால் காலில் விழுவது என்றுகூட வைத்திருந்தாள்.

மோகனராஜ் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். முகம் செத்துப்போயிற்று.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அவனத் திருப்பிக் குடுத்துருங்க."

"தங்கச்சி..." என்றவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "நீங்கதான சேதி சொல்ல வேணாம்னீங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றாள். மூன்றாம் நாள் காலையில் வேலித் தகரத்துக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு போய்விட்டதாம். சாயந்திரம் வரை தேடினாராம். பாலத்துக்குப் போகிற பெரிய ரோட்டில், ஓரமாகக் கிடந்ததாம். லாரியாக இருக்கும்.

"எந்தப் பக்கமா போய்க்கிட்டு இருந்தான் அண்ணே?"

மோகனராஜ் கீழே வைத்த வாளியைத் திரும்ப எடுத்தார்.

"சொல்லுங்க அண்ணே."

"பினாங்குப் பக்கமாத்தான்."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு, "பாவி, நான் பாவி" என்று அழுதாள். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒரு நாய்க்கு இவ்வளவு அழுகையா என்று கேட்டாலும் கேட்கட்டும். நாய்க்கு மட்டுமா அழுதாள்? மோகனராஜ் டுரியான் மரத்தடியில் புதைத்த இடத்தைக் காட்டினார். கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருந்து அவள் கையில் கொடுத்தார். நெத்திலிப் பொட்டலத்தை அந்த மண்மேட்டில் அவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். காமாரியா எழுந்து போனாள். கார்த்திகேசு சக்கர நாற்காலியில் புதுத் தடுப்புக் கதவைப் பார்த்தபடி இருந்தார். அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது? எந்த வாயால் சொல்வது? பட்டையை அவருடைய நல்ல கையில் வைத்தாள்.

அவர் அதை மூக்குக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் அங்கேயே வைத்திருந்தார்.

"பீமா."

இருபது நாளைக்கு மேலாகிறது அந்தக் குரலைக் கேட்டு. அவர் வாசலைப் பார்த்தார். அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். ஒன்றுமில்லை. அப்புறம் மெல்லத் திரும்பி, அழுது வீங்கிய அவள் முகத்தைப் பார்த்தார். பட்டையோடு சேர்த்து அந்தக் கையை அவள் தலையில் வைத்தார்.

"பீமா வா" என்றார்.

"என்னங்க" என்றாள் புஷ்பவள்ளி. "பக்கத்துலதாங்க இருக்கேன்."