விஜயா சொன்னது

கணவன் ஜெயபாலன் ரப்பர்த் தோட்டத்துக் கூட்டத்தில் பேசச் சம்மதித்துவிட்டான் என்று தெரிந்தபோது அஞ்சலைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலையில் அரிசி போட மறந்து, வெறும் தண்ணீரைக் கொதிக்க விட்டபடி நின்றாள்.

"ஏங்க, நான் இந்தக் காஜா பெராங் ஊரு முழுக்க என்ன சொல்லி வச்சிருக்கேன்? சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலைக்குப் போயிருந்தாருன்னுல்ல சொல்லி வச்சிருக்கேன்!"

"தெரியும் அஞ்சல. என்கிட்டயே நாலு பேரு சிங்கப்பூர் எப்படி இருக்குன்னு கேட்டாங்க. நானும் பாத்த மாதிரியே சொன்னேன்."

அவன் போயிருந்தது சிங்கப்பூருக்கு அல்ல. ஜொகூரில் உள்ள மனநோய் மருத்துவமனைக்கு. சுதந்திரம் வந்த வருஷம் அது. பாடாங் திடலில் கொடியேற்றத்தைப் பார்க்க ஊரே திரண்டு போக, ஜெயபாலன் மட்டும் கதவைத் தாழிட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டு ரேடியோவில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றான். தூக்கம் போயிற்று, சோறு போயிற்று. செமாபோக்கில் ஒரு பூசாரியிடம் கூட்டிப் போனாள் அஞ்சலை. பேய் ஓட்டுகிறேன் என்று அவர் பிரம்பால் அடித்த அடியில் முதுகுத் தோல் உரிந்ததே தவிர எதுவும் ஓடவில்லை. கடைசியில், டாக்டருக்கு உதவியாக வைத்தியம் பார்க்கும் நடராஜன் என்கிற ஆஸ்பத்திரி டிரெஸர்தான் பார்த்துவிட்டு, இது நோயம்மா, இதற்கு வைத்தியம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து ஜெயபாலன் இளைத்துப்போய், ஆனால் தெளிந்த கண்ணோடு திரும்பி வந்தான். தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் சைக்கிள் கடையில் வேலையும் கிடைத்தது.

இப்போது, டிரெஸர் சொல்லி விஷயம் தெரிந்துகொண்ட வாலிபர் சங்கச் செயலாளர் கணேசமூர்த்தி வந்து கேட்டிருக்கிறான். புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒரே வருஷத்தில் இரண்டு இளவட்டங்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். பேய் அடித்துவிட்டது என்று சொல்லி ஆளாளுக்குக் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டதோடு சரி. அங்கே இளைஞர் விழா ஒன்று நடத்தி, விளையாட்டு, பாட்டுப் போட்டி எல்லாம் வைத்து, நடுவில் மனநோயைப் பற்றி டிரெஸரைப் பேசச் சொல்வது என்பது சங்கத்தின் ஏற்பாடு.

"டிரெஸர் பேசினா ஆஸ்பத்திரிப் பேச்சுன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க அண்ணே," என்றான் கணேசமூர்த்தி. "அனுபவிச்சவரு நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஏறும்."

ஜெயபாலன் சைக்கிள் சங்கிலிக் கறை படிந்த தன் விரல்களைத் துணியில் துடைத்தான். பிறகு, "வர்றேன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் திடலில் நல்ல கூட்டம். சாக்கு ஓட்டத்துக்கும் கயிறு இழுப்புக்கும் போட்ட கூச்சல் அடங்கியதும் டிரெஸர் பேசினார். வெற்றிலையை மென்றபடி கேட்டார்கள். அடுத்து ஜெயபாலன் எழுந்தான். அஞ்சலை கூட்டத்தின் பின்னால், கொட்டகைத் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ரேடியோவுல என்னையப் பத்தித்தான் பேசுறாங்கன்னு நெனச்சேன்," என்று ஆரம்பித்தான்.

ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது பற்றிக்கொண்டது. திடலே சிரித்தது. ஜெயபாலன் காத்திருந்தான்.

"சிரிப்பு வரும்தான். எனக்கு அப்ப சிரிப்பு வரல. பயமா இருந்துச்சு. பொண்டாட்டி குடுத்த சோத்துல விஷம் இருக்குன்னு நெனச்சேன். அவ எனக்கு முன்னாடி ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுவா. அப்பவும் நம்பல."

சிரிப்பு நின்றது. அவன் பூசாரியின் அடியைச் சொன்னான், ஊசியைச் சொன்னான், இன்றைக்கும் விழுங்குகிற மாத்திரையைச் சொன்னான். அஞ்சலை தலை நிமிரவில்லை. அத்தனை கண்களும் தன் மேல்தான் இருப்பதாக அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பேச்சு முடிந்து கூட்டம் பலகாரத்துக்கு நகர்ந்தபோது அவள் முந்தானையை யாரோ மெல்ல இழுத்தார்கள். பதினேழு, பதினெட்டு வயதுப் பெண். பால் மரம் வெட்டும் கை. விரலிடுக்கில் ரப்பர்ப் பிசின் அப்பியிருந்தது.

"அக்கா, பேசுனாரே, அவரு உங்க வீட்டுக்காரரா?"

அஞ்சலை தலையாட்டினாள்.

"என் பேரு விஜயா. எனக்கும் கேக்குதுக்கா. வெட்டுக்காட்டுல தனியா நிக்கறப்ப. நீ எதுக்குடி இருக்கன்னு கேக்குது. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல."

"வீட்டுல சொன்னியா?"

"அப்பாகிட்ட சொன்னா அடிப்பாரு. அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க. பாவம், அவங்களுக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி." சற்று நிறுத்தி, "மாமாவுக்கு அது நின்னுருச்சாக்கா?" என்றாள்.

"நின்னுருச்சு."

"நெசமாவா?"

"நெசமா. நான் கூடவே இருந்து பாத்தேன்."

கணவனின் நோயைப் பற்றி இத்தனை நாளில் வெளி மனிதர் ஒருவரிடம் அஞ்சலை பேசிய முதல் உண்மை அதுதான். அடுத்த சனிக்கிழமை டிரெஸரோடு வருவதாக அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சொன்னாள். விஜயா கையை விடாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

அந்த வாரத்துக்குள் காஜா பெராங்குக்குச் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரி தன் பிள்ளைகளைத் தின்பண்டத்துக்குக்கூட இந்தப் பக்கம் அனுப்புவதை நிறுத்தினாள். தவுக்கே வேலையை விட்டு நீக்கவில்லை. வாடிக்கையாளர் கண்ணில் படாமல் கடையின் பின்புறம் உட்கார்ந்து வேலை பார்க்கச் சொன்னார். ஜெயபாலன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்புறம் போனான்.

ஆனாலும் சனிக்கிழமை டிரெஸரோடு தோட்டத்துக்குப் போனாள். விஜயாவின் தகப்பன் சுப்பையன், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் தன் வீட்டு வாசலிலேயே மறித்துக்கொண்டார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது.

"என் பொண்ணுக்கு மாப்பிள்ள பேசி முடிச்சாச்சு. பைத்தியம்னு பேரு கட்டி அவ வாழ்க்கையில மண்ண அள்ளிப் போடாதீங்க."

"பைத்தியம் இல்லீங்க, நோவு. காய்ச்சல் மாதிரி," என்றார் டிரெஸர்.

"தாலி ஏறுனா எல்லாம் சரியாப் போயிடும். நீங்க கெளம்புங்க."

உள்ளே கதவிடுக்கில் விஜயாவின் முகம் தெரிந்தது. அஞ்சலை ஓரடி முன்னால் வைத்தாள். சுப்பையன் கதவை இழுத்துச் சாத்தினார். "பெத்தவங்க சம்மதிக்காம நான் கூட்டிட்டுப் போனா பொம்பளப் புள்ளயக் கடத்துனேன்னு பழி வரும்மா," என்று டிரெஸர் திரும்பும் வழியில் சொன்னார்.

கல்யாணம் அவசர அவசரமாக நடந்தது. மாப்பிள்ளை அலோர் காஜா பக்கத்துத் தோட்டம். அடுத்த மாரியம்மன் திருவிழா வருவதற்குள் விஜயா அந்தத் தோட்டத்துக் குளத்தில் பிணமாகக் கிடந்தாள். தண்ணீர் மொள்ளப் போனவள் கால் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னார்கள். தண்ணீர் மொள்ள யாரும் அந்தக் குளத்துக்குப் போவதில்லை.

பழி கூட்டத்தின் மேல் விழுந்தது. கண்டதையும் பேசி வயசுப் பெண்ணின் மனசைக் கெடுத்துவிட்டார்கள் என்றது தோட்டம். சங்கத்துப் பெரியவர்கள் பயந்துபோய், பத்து பெரெண்டாம் என்ற ஊரில் வைப்பதாக இருந்த அடுத்த விழாவை நிறுத்திவிட்டார்கள். ஜெயபாலன் இரண்டு நாள் தூங்கவில்லை. திரும்பவும் நோய் வந்துவிட்டதோ என்று அஞ்சலை அவன் முகத்தையே பார்த்துக் கிடந்தாள்.

"பயப்படாத. அது இல்ல. இது துக்கம்," என்றான் அவன். "ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்."

ஒரு நாள் காலையில் வாசலில் ஒரு பெண் நின்றாள். காலில் செருப்பில்லை. விஜயாவின் ஜாடை அப்படியே இருந்தது. தாய் என்று அவள் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை; பெயர் பாக்கியலட்சுமி. ஏச வந்திருக்கிறாள் என்று நினைத்து அஞ்சலை ஒதுங்கி வழிவிட்டாள். உட்காரவைத்து, "பசியாறுனீங்களாக்கா?" என்று கேட்டாள். அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அன்னிக்குக் கூட்டத்துல எம் பொண்ணு உங்ககிட்ட ஏதோ பேசுனாளாம். என்ன சொன்னா?"

அஞ்சலை வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஒரே பாயில படுத்துக் கெடந்தவ. உங்ககிட்ட சொல்லியிருக்கா. சொல்லுங்க."

அஞ்சலை சொன்னாள். வெட்டுக்காட்டில் கேட்ட குரலை, அது கேட்ட கேள்வியை, அப்பாவின் அடியை. அம்மாவின் நெஞ்சு வலியைச் சொல்லும்போது அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாக்கியலட்சுமி அழவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள். அஞ்சலை மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

கேட்டு முடித்ததும் அந்தத் தாய் தரையில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். பிறகு, "அடுத்த கூட்டம் எங்க?" என்றாள்.

"இல்லக்கா. நிறுத்திட்டாங்க."

"எங்க லயத்துல போடுங்க. எங்க வாசல்ல. யாரு வந்து தடுக்குறாங்கன்னு பாக்குறேன்."

அடுத்த மாதம் போனார்கள். கணேசமூர்த்தியும் டிரெஸரும் ஜெயபாலனும் அஞ்சலையும் மட்டும்தான். ஓட்டப் பந்தயமில்லை, பாட்டில்லை. பொழுது சாயும் நேரம். பாக்கியலட்சுமி வாசலில் பாய் விரித்திருந்தாள். வெட்டுக்குப் போகும் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். தாய்மார் சிலர் வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். சுப்பையன் எதிர்ச் சாரியில், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஜெயபாலன் எழுந்தான். அன்று சுப்பையன் விஜயாவை உள்ளே வைத்துச் சாத்திய அந்தக் கதவைப் பார்த்தான். சட்டென்று உட்கார்ந்துவிட்டான்.

அஞ்சலை எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"விஜயா என்கிட்ட வந்து சொன்னத நான் சொல்றேன்," என்றாள். "உங்கள்ல யாருக்காச்சும் அப்படிக் கேட்டா, வெளிய சொல்லிடுங்க. வீட்டுல சொல்ல முடியலன்னா என்கிட்ட வந்து சொல்லுங்க. காஜா பெராங்ல சைக்கிள் கடையில வேல பாக்குறவரு பொண்டாட்டின்னு கேட்டா வீட்டக் காட்டுவாங்க."

விஜயாவின் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அப்பா அடிப்பார் என்ற இடம் வந்ததும் ஒரு நொடி தயங்கினாள். பாக்கியலட்சுமி அவளை நிமிர்ந்து பார்த்து, சொல்லு என்பதுபோல் தலையை அசைத்தாள். சொன்னாள்.

எதிரில் சுப்பையனின் முதுகு ஒருமுறை குலுங்கியது. அவர் திரும்பாமலே, லயத்தைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்குள் இறங்கி நடந்தார். பாயிலிருந்து ஒருவரும் எழவில்லை. அஞ்சலை தொடர்ந்து பேசினாள்.