‘வந்துருச்சா’ என்றொரு டெஸ்ட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சௌகத் அலி என்றால் திண்டுக்கல் கம்ப்யூட்டர் ஆட்களுக்கெல்லாம் இது தெரியும். அப்படிப்பட்ட என்னையே வாயடைக்க வைத்தவள் லிடியா. எங்கள் அலுவலகத்தில் டெஸ்டிங் அவள் பொறுப்பு. அதாவது, நான் எழுதும் புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

2008, கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத வருஷம். ஒரு ரத்த வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதியிருந்தேன். திண்டுக்கல் டேட்டாபேஸில் பதிவது எல்லாம் பழனிக் கிளையின் டேட்டாபேஸில் தானாக நகலாகிவிடும். சந்தேகமான ரத்தப் பைக்கு இங்கே ‘நிறுத்து’ போட்டால், அங்கே அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதுவரை ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ரத்த வங்கி டாக்டர் இதை முறைப்படி தொடங்கிவைக்க வேண்டும். “இனிமே ஃபோன் எதுக்கு சார்?” என்று காலையிலேயே அதை நிறுத்தச் சொன்ன மகானுபாவன் நான்தான்.

பதினொரு மணிக்கு லிடியாவின் திரை சிவந்தது. அவளுடைய டெஸ்ட் அரை மணிக்கொரு தரம் தானாக ஓடும். இங்கே ஒரு போலிப் பையைப் பதிந்து, பழனியில் போய்த் தேடும்; கிடைக்காவிட்டால் திரை சிவக்கும்.

“அண்ணே, பழனிக்கு வரல.”

பழனி மெஷினில் நகலின் நிலவரத்தைப் பார்த்தேன். ‘ஓடுகிறது, தாமதம் பூஜ்யம்’ என்றது.

“கண்ணு தெரியுதா இல்லையா? ஓடுதுன்னு போட்டுருக்குல்ல. உன் டெஸ்ட்டுதான் தப்பு. செத்த நேரம் காத்திருக்கச் சொல்லு.”

“ரெண்டு நிமிஷம் காத்திருந்து பாத்துட்டேண்ணே.”

“அப்ப அந்த டெஸ்ட்டையே தூக்கிரு.”

வேறு யாராக இருந்தாலும் தூக்கியிருப்பார்கள். இவள் நாற்காலியைக்கூடத் திருப்பவில்லை.

“வீட்டுல உக்காந்துக்கிட்டே ஃபோன்ல ‘இந்தா வந்துட்டேன்’னு சொல்வீங்கல்லண்ணே, அப்ப நீங்க வந்துட்டீங்கன்னா அர்த்தம்?”

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

“பழனி மெஷினும் அதத்தான் சொல்லுது. பத்தரைக்கு கரண்டு போயி நம்ம மோடம் அணைஞ்சுச்சு. லைன் திரும்பிருச்சு, ஆனா அது அறுந்த கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்குது. எதுவும் வரலன்னதும், வேலையே இல்ல, தாமதமே இல்லன்னு நெனைச்சுக்குது. அதனால அதுக்கிட்ட நெலவரமே நான் கேக்குறதில்ல. இங்க எழுதுனது அங்க வந்துருச்சா, அம்புட்டுத்தான் கேக்குறேன்.”

அந்த டெஸ்ட்டுக்கு அவள் வைத்திருந்த பெயரே ‘வந்துருச்சா’தான். இத்தனை வருஷமாகப் புரோகிராம் எழுதுகிறேன், மெஷின் ‘ஓடுகிறது’ என்றால் நம்பிவிட்டு டீக்கு இறங்கிவிடுவேன். இந்தப் பெண்ணுக்கு இருக்கும் மூளையில் பாதி எனக்கு இல்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அதற்குள் இன்னொன்று உறைத்தது.

“லிடியா, பத்தரைக்கு அப்புறம் இங்க ஏதாச்சும் ‘நிறுத்து’ போட்டாங்களா?”

அதையும் ஏற்கனவே தேடி வைத்திருந்தாள். “ஒன்னே ஒன்னு. பை நம்பர் 2417.”

பழனிக்கு ஃபோன் போட்டேன். கிளையில் வேலை பார்க்கும் ஜெய்தூன் பீவி எடுத்தார். பை நம்பரைச் சொன்னேன்.

“ஏனுங்க, அந்தப் பைங்களா? கொடுக்கலாம்னுதானுங்களே கம்ப்யூட்டர்ல இருக்குது. பிரசவ கேஸுக்குன்னு இப்பத்தானுங்க ஐஸ் பெட்டில வெச்சேன். ஆள் வந்து நிக்கறாருங்க.”

“குடுத்துராதீங்கம்மா. அதுல சந்தேகம் இருக்கு. வேற பை குடுங்க.”

“அப்படிங்களா. சரிங்க, எடுத்துடறேனுங்க.”

ரிசீவரை வைத்தேன். முகம் தெரியாத ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் உடம்பில் ஏறவிருந்த ரத்தம், நான் தூக்கச் சொன்ன டெஸ்ட்டால் நின்றிருக்கிறது. லிடியா பழைய இணைப்பை அறுத்துப் புதிதாகப் போட்டு, டெஸ்ட்டை மறுபடி ஓட விட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்கு ஃபோன் செய்தேன்.

“இன்னைக்குத் தொடங்க வேணாம் சார். பழையபடி ஃபோன்லயே சொல்லச் சொல்லுங்க.”

“எல்லாம் ரெடின்னு நேத்து சொன்னீங்களே சௌகத்?”

“நான்தான் சார் சொன்னேன், லிடியா சொல்லல. அவ சொல்ற அன்னைக்குத் தொடங்குவோம்.”